முதலிடம், பதினான்காவது வாரம்

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
சீத்தைத் துணிக்கடைக்கு மேலே என் பல் கிளினிக்.
ஏறப் பதினேழு படி.
பாதிப்பேர் பதினோராம் படியில்
வலி நின்றுவிட்டதென்று திரும்பிப்போவார்கள்.

உள்ளே ரேடியோ.
நாற்பது தாண்டியவர்களுக்கென்றே
அதிராத பாட்டாகப் போடுகிற அலைவரிசை.
மணிக்கொரு தடவை
அந்த வாரத்து முதலிடம்.

பதினான்கு வாரம் ஒரே பாட்டு.
பிரிந்துபோனவன் குடையை மறந்துவிட்டுப் போகிறான்.
அவள் அதை விரிப்பதேயில்லை.
அவ்வளவுதான் கதை.
இடையில் ஒரு புல்லாங்குழல்,
பாயிலிருந்து எழும்ப மனமில்லாதது.
நான்கு நிமிடம் ஐம்பது செக்கன்.

கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால்
விறைக்கவும் ஏறத்தாழ அவ்வளவுதான் செல்லும்.
கண்டுபிடித்தது ரிஸ்வியா, என் உதவியாள்.
மறுகா ஊசிக்காரர் எல்லாரையும்
மணி அடிக்கிற நேரத்துக்கு வரச்சொன்னோம்,
ஊத்தை எடுக்க வருபவர்களை இடையில்.

"குழல் வந்திட்டு டொக்டர்" என்பாள்.
கையுறையை இழுத்துவிடுவேன்.
இரண்டாம் சரணத்தில்
பல்கனிக் கம்பிரசரைப் போட்டுவிடுவாள்,
அது மாடு போல உறுமும்.
"உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" என்று
அதற்கு மேலால் நான் கத்துவேன்.
"குடை திரும்ப வந்திட்டு" என்பாள்.
குறடு.

பாண்டிருப்பு விஞ்ஞான ரீச்சர்,
கச்சேரியில் முத்திரை குத்துகிற நேசதுரை,
மருதமுனையிலிருந்து மாமியோடு வந்த புதுப்பெண்,
எல்லாரும் அந்தப் பாட்டை
வாயைத் திறந்தபடி,
ஒரு சொல்லும் இல்லாமல் பாடியவர்கள்.

பதினைந்தாம் வாரம் அது ஆறாமிடம்.
புது முதலிடத்துக்குக் குழல் இல்லை,
கிற்றார் மட்டும்.
மூன்று நிமிடம் ஐந்து செக்கன்.
"முடிஞ்சு டொக்டர்" என்றாள் ரிஸ்வியா,
யோசிக்காமல்.
நானும் யோசிக்கவில்லை.
சாய்ந்தமருது உதுமாலெவ்வைக் காக்கா
கதிரையோடு எழும்பினார்.
கீழே துணி வெட்டிக்கொண்டிருந்தவன்
அரை யார் கூட வெட்டிவிட்டானாம்.
அந்தக் காசையும் நான்தான் கொடுத்தேன்.

அன்றிரவு இரண்டு பேரும்
ரீலோட் தீரும்வரை வாக்கு அனுப்பினோம்.
"கல்முனைப் பக்கமிருந்து திடீரென ஓர் அன்பு"
என்றான் அறிவிப்பாளன்.
ஐந்தாமிடம்.
அடுத்த வாரம் பட்டியலிலேயே இல்லை.

கோழிக்குஞ்சு வடிவத்தில்
ஒரு மணிக்கூடு வாங்கினோம்.
சரியாகத்தான் கூவுகிறது.
ரிஸ்வியா அதன் முகத்தைச்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

ஐப்பசி மழையில்
மட்டக்களப்பு பஸ்ஸில் போகிறேன்.
ஓந்தாச்சிமடம் பாலம் கழிய
சாரதியின் தலைக்கு மேலே அதே குழல்.
கம்பிரசர் இல்லை.
இரண்டாம் சரணத்தை முதன்முதலாகக் கேட்கிறேன்:
அவள் குடையை
அடுத்த வீட்டுக்காரிக்கு இரவல் கொடுக்கிறாள்,
மழைக்கல்ல, வெயிலுக்கு.
கம்பியொன்று முறிந்து திரும்பி வருகிறது.
சிரிக்கிறாள்.

பதினான்கு வாரமாய்
அவளை அழவைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

"எங்க இறக்கம்?" என்கிறான் கொண்டக்டர்.
களுவாஞ்சிக்குடி என்று சொல்ல வாயெடுக்கிறேன்.
கீழுதட்டின் இடப்பக்கம்
தடித்துப்போய்க் கிடக்கிறது.
விரலால் தொட்டுப் பார்க்கிறேன்,
யாருடையதோ போல.

"ஆ" என்கிறேன்.