வியாழன் மாலை ஒத்திகை

மருத்துவர் என்றால் ஷார்ஜாவிலேயே,
நான்கு சிக்னல் தாண்டி.
மருத்துவச்சி என்றால் துபாய்க்குள்,
ஜுமேராவில், காகிதப்பூக் கொடி ஏறிய வீடு.
தமிழில் இருவருக்கும் நடுவே
ஒரு 'ச்சி'தான்.
காப்பீட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் டிக் அடித்து
ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

லூர்தெஸ் முதல் நாள் வயிற்றைத் தொடவில்லை.
எதற்குப் பயப்படுகிறாய் என்றாள்.
கிழிந்துவிடுவேனோ என்று, என்றேன்.
நானும் அதற்குத்தான் பயந்தேன் என்று
என் செருப்பைக் கழற்றிக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஹாலா எதுவும் கேட்கவில்லை.
நான்கு நிமிடம்.
பார்வை முழுக்கத் திரையில்.
கதவருகே போனவளை மட்டும் நிறுத்தி,
ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்தான் என் வீடு,
பதினோரு வருடமாக
ஷூவோடுதான் தூங்குகிறேன் என்றார்.
சூடானிய அரபியில் அது நகைச்சுவையா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

பனிமயம் ஹம்ரியாவில் கிரேன் ஓட்டுகிறவன்.
நாற்பது டன்னை ஆடாமல் இறக்கத் தெரிந்தவன்.
"பேசிப் பேசி என்ன ஆகப்போகுது,
ஓட்டிப் பாத்துருவோம்" என்றான்.
வியாழன், மாலை ஆறு மணி.
வேண்டுமென்றே.

பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தேன்.
இடுப்புக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு,
அதுவும் ஒத்திகையில் சேர்த்தியாம்.
படுத்தபடி பார்த்தால் ஊரே வேறு:
ஏசிப் பெட்டிகள், கொடியில் காயும் துண்டுகள்,
பாதி மினாரா,
பிறகு நகராத வானம்.
அல் நஹ்தாவில் வண்டி நின்றது.
நின்றது என்றால்
நின்றேவிட்டது.

பக்கத்தில் ஒரு லேபர் பஸ்.
கண்ணாடியில் சாய்ந்து உறங்கும் நெற்றிகள்.
ஒரு நெற்றி விழித்தது.
என்னைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது,
பக்கத்து நெற்றியைத் தட்டி எழுப்பியது.
அவ்வளவுதான்.
பஸ் முழுக்க நீலச் சட்டைகள் எழுந்து நின்றன.
ஓட்டுநர் ஹாரனை விடாமல் அமுக்கி
முன்னால் குறுக்கே போட்டு மறித்து
எங்களுக்கொரு பாதை திறந்தார்.
யாரோ இறங்கி ஓடிவந்து
லாரியின் கதவைத் தட்டினார்,
அதுவும் ஒதுங்கியது.

எப்படிச் சொல்வது,
அண்ணா, இது சும்மா என்று?
வெட்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
முனகினேன்.
பனிமயம் திரும்பிப் பார்த்தான்.
அவன் கண்ணில் நிஜமான பயம்.

அத்தனை பேர் வழிவிட்டும்
ஐம்பத்திரண்டு நிமிடம்.
காகிதப்பூ வீட்டு வாசலில்
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
உள்ளே விளக்கு எரிந்தது.
நான் இறங்கவில்லை.

இரவு ஹாலாவின் கட்டத்தில் டிக் அடித்தேன்.
குறிப்பு என்றிருந்த ஒற்றை வரியில்
'கீறுமுன் என்னிடம் கேட்கவும்' என்று எழுதினேன்,
அழுத்தி, மறுபக்கம் தடிக்கும்படி.
லூர்தெஸுக்குச் செய்தி அனுப்பியதற்கு
பதினேழு விநாடிக் குரல் வந்தது:
பேச்சே இல்லை,
மூச்சு இழுத்து விடும் சத்தம் மட்டும்.

இப்போது மணி இரண்டு.
எங்கோ ஒரு கேம்பில்
அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் இருந்து
அந்த நெற்றிக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார்.
சுற்றி ஏழெட்டுப் பேர்.
ஆணா பெண்ணா என்று தகராறு நடந்து
இந்நேரம் முடிந்திருக்கும்.
என் விலாவை உதைத்துக்கொண்டிருக்கும் இதற்கு
அங்கே
பெயர்கூட வைத்திருப்பார்கள்.