ஒரு நாளைக்கு ஒரு வரி

சுமையோடு வரும் லோரியை நிறுக்க வேண்டும்.
குலையைக் கொட்டிய பின் வெறும் லோரியை.
கழித்தால் வருவது குலையின் எடை.
பகாவ் செம்பனை ஆலையில்
இருபத்திரண்டு வருடம் இந்தக் கணக்குதான் எனக்குச் சம்பளம்.
என் கையெழுத்து இல்லாமல் ஒரு லோரி வெளியே போனதில்லை.

நிணநீர்க் கட்டி மூன்றாம் முறை திரும்பியபோது
டாக்டர் சியா மேசையைச் சுற்றி
என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.
மருந்து என்று சொல்லவில்லை, சோதனை என்றார்.
உங்கள் வெள்ளையணுக்களை வெளியே எடுப்போம்,
அவற்றின் மரபணுவில் ஒரு வரி சேர்த்து எழுதுவோம்,
எதிரியின் முகம் தெரியும்படி.
முதல் மூன்று பேருக்கு ஆகக் குறைந்த அளவு.

"அது போதுமா டாக்டர்?"
"போதுமா என்று பார்க்க இல்லை.
தாங்குமா என்று பார்க்க."

நான் மூன்றாவது ஆள்.
பதினேழு பக்கம், மலாயில்.
பக்கத்துக்கு ஒரு கையெழுத்து.

எங்கோ ஒரு கண்ணாடி அறையில் அவை பெருகிய மூன்று வாரமும்
நான் பகாவில்தான் இருந்தேன்.
ஆலைச் சங்கு, புளித்த எண்ணெய் வாடை,
பாசாரில் விசாரிப்பவர்களிடம் ரெங்கனின் பதில்:
"அவ ரத்தம் கோலாலம்பூருக்குப் படிக்கப் போயிருக்கு."

இரண்டாவது ஆள் யாரென்று சொல்ல மாட்டார்கள்.
கிளந்தானோ கிள்ளானோ.
அவருக்கு என்ன ஆனது என்றும் சொல்லவில்லை.
எனக்குத் தேதி கொடுத்தார்கள்;
மிச்சத்தை நானே கழித்துப் பார்த்துக்கொண்டேன்.

பை வருவதற்கு முன்னால் என்னை நிறுத்தார்கள்.
நாற்பத்தொன்பது கிலோ.
கிலோவுக்கு இத்தனை அணு என்று கணக்கு.
இதில் லோரி எது, குலை எது என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.
உள்ளங்கையளவு பை, ஏழு நிமிடத்தில் காலி.
அன்று முழுக்க மூச்சில் பூண்டு வாடை.

அதன் பிறகு தினமும் காலையில் தாதி நோராயினி.
இது என்ன இடம்? இன்று என்ன தேதி?
நூறிலிருந்து பத்துப் பத்தாய்க் கீழே வாருங்கள்.
கடைசியில் ஒரு தாள்:
ஒரு வரி எழுதுங்கள், எந்த மொழியிலும்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
படிப்பதற்கு இல்லையாம். மூளை தடுமாறினால்
முதலில் கைதான் காட்டிக்கொடுக்குமாம்.

காய்ச்சலென்றால் பயந்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.
ஒரு வீட்டில் டெங்கி என்றால் தெரு முழுக்கப் புகையடிப்பார்கள்.
இப்போது ரெங்கன் இரவும் பகலும் போனில்:
"வந்துருச்சா?"
நான்காம் நாள் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.
பாதை ஓரம் லோரியை நிறுத்திவிட்டுக் கத்தினார்:
"ஆளுங்க பெரட்டு முடிச்சு வேலைக்காட்டுல எறங்கிட்டாங்க!"
பிறகு பேச்சில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஐந்தும் ஆறும் என் நினைவில் இல்லை.

தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன்.
இன்று எடை மேடை அறையில், மதிய ஓய்வில் பரப்பி வைத்திருக்கிறேன்.
முதல் நாள்: லோரி மேடையில் ஏறி நின்றது.
இரண்டாம் நாளும் அதுவே. மூன்றில் கொம்புகள் சற்றுச் சாய்வு.
ஐந்தில்: லோரி மே மே மே
ஆறில் எழுத்தே இல்லை,
தாளின் ஓரம் வரை போய் மேசையில் இறங்கிய ஒரு கோடு.
எட்டில்: லோ
ஒன்பதில், என் கையெழுத்திலேயே,
நான் எழுதிய நினைவே இல்லாமல்:
லோரி இறங்கிவிட்டது.

இருபத்தெட்டாம் நாள் படத்தில் கட்டி பாதி.
பாதி என்றால்? என்று கேட்டேன்.
"பாதி என்றால் பாதி," என்றார் டாக்டர் சியா,
"இன்னும் தெரியாது."
அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டுகிறார்களாம்.
என் காய்ச்சலையும் என் கோட்டையும் வைத்துப் போட்ட கணக்கு.
தைப்பிங்கிலோ தாவாவிலோ யாரோ
இந்நேரம் பதினேழாம் பக்கத்தில் இருக்கலாம்.

லோரி எதுவும் இல்லாத நேரம் பார்த்து
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
ஆஸ்பத்திரித் தராசில் நான் இப்போது நாற்பத்தாறு.
இதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நாற்பது என்று காட்டியது.

பின்னால் ரெங்கன் ஹார்ன் அடித்தார்.