அணியம்

பொருட்காட்சி என்றதும்
தீவுத்திடல், ராட்டினம், முறம் அகல டெல்லி அப்பளம்
என்றுதான் நினைத்து வந்தேன்.
கல்மண்டபம் தாண்டி உள்ளே போனால்
பழைய தானியக் கிடங்கு.
சுண்ணாம்பு அடித்து ஏசி போட்டு
முப்பத்தெட்டுக் கண்ணாடிப் பெட்டிகள்.
விளக்கு மாட்டுவது என் வேலை.

ஐம்பது லக்ஸ், அதற்கு மேல் ஒரு பொட்டும் கூடாது
என்றார் காப்பாட்சியர் மிருதுபாஷிணி.
நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால்
உலகமே கூடிய சந்தைக்குக் கப்பலேறியவை,
சந்தை கலைந்ததும் சீமையில் ஒரு நிலவறையில்
இருட்டிலேயே கிடந்தவையாம்.
வெளிச்சம் பட்டால் பயந்துவிடும்
என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

முப்பது சீசாவில் முப்பது வகை நெல்,
ஒரு பானையையும் பார்க்காதது.
வெள்ளிப் பதக்கம், அதில் யாரோ ஒரு ராணியின் மூக்கு.
கருங்காலிச் சீப்பு ஒன்று.
பல்லிடுக்கில் ஒரு முடி சுருண்டிருக்கிறது;
பட்டியலில் சீப்பு மட்டும்தான்.

பதினேழாம் பெட்டியில் கட்டுமரம்.
முழங்கை நீளம்.
களிமண்ணில் மூன்று பேர், ஆளுக்கொரு துடுப்பு,
நமக்கு முதுகு காட்டிக்கொண்டு.
‘மீனவர், சென்னைப்பட்டினம், மாதிரி’
என்று சீட்டு.
யாரை மாதிரி என்று போடவில்லை.

கண்ணாடி துடைக்க வந்தவள் அஞ்சலாட்சி.
விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து
கூடை காலியானதும்
பத்து மணிக்கு இங்கே நீலச் சட்டை.
மூன்று தரம் சோப்புப் போட்டும்
கையில் கொஞ்சம் கவலைமீன்.
துணியை நிறுத்தினாள்.

“இன்னாபா இது,
அணியம் செவுத்தப் பாத்துனு கீது?
கடலு இந்தாண்ட இல்ல?”

கிழக்கே இருந்த ஒரே சன்னலுக்கும்
கறுப்புத் துணி அடித்தாயிற்று.
அதற்கப்பால் கண்டெய்னர் அடுக்கு, கிரேன்,
எல்லாவற்றுக்கும் அப்பால்தான் அது.
ஒயர்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று
எனக்குத் தெரியும்.
திசை தெரியவில்லை.

திறக்க முடியாதுங்க என்றார் காப்பாட்சியர்.
அரக்கு முத்திரை. பதினான்கு பக்க ஒப்பந்தம்.
கடிதம் எழுதினால் பதில் வர மூன்று வாரம்.
காட்சியே பதினெட்டு நாள்.
அந்தக் காலத்துப் புகைப்படத்திலும்
இப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார்:
தொப்பி வைத்த கூட்டம்,
மூன்று முதுகு.

அன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
ஞாபகம் வந்தது, மேசைக்குச் சக்கரம் உண்டு.
ஒயர் இழுக்க நான் கேட்டு வாங்கியது.
பதினான்கு பக்கமும் பெட்டியைப் பற்றித்தான்,
மேசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
சக்கரம் கீச்சென்றது,
தேங்காயெண்ணெய் விட்டோம்.
“அப்பிடியே… மெதுவா… வுடு, வுடு”
ஐஸ் பெட்டி தள்ளும் பழக்கத்தில் சொன்னாள்.

முதுகாக வந்தவர்களுக்கு முகம் வந்தது.
நடு ஆளுக்கு மூக்கு நுனி இல்லை.
கடைசி ஆள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது,
கூப்பிடுகிறானா கொட்டாவியா தெரியவில்லை.
மண் காய்வதற்குள் யாரோ
ஊசி முனையால் குத்தி வைத்த ஆறு கண்.

வெகுநேரம் பார்த்தாள்.
“எங்க சின்ன மாமனார் மாரியே கீறான்.
கடன் வாங்குனா தரமாட்டாரு.”

காலையில் மிருதுபாஷிணி
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“லக்ஸ் சரியா இருக்கா?”
இருக்கு மேடம்.
சீட்டு இப்போது சுவரைப் பார்த்திருந்தது.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு நல்ல கூட்டம்.
கைபேசியைத் தூக்கிக்கொண்டு
பதினேழின் முன்னால் நெரிசல்,
மூன்று பேருக்கும் கடலுக்கும் நடுவில்.

“ஓரம் போபா, ஓரம்… வழி வுடு”
துடைப்பத்தோடு வந்தாள் அஞ்சலாட்சி.
தரை துடைக்கிறாள் என்று
இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள்.

துடைப்பம் காய்ந்திருந்தது.