ஒரு நகம் மட்டும்

சுட்டுவிரலை விட்டுவிடுவேன்.
மருத்துவமனை உத்தரவு.
மூச்சுக்காற்று இரத்தத்தில் ஓடுகிறதா என்று
கவ்விப் பார்க்கும் கருவிக்கு
சாயமில்லாத நகம் ஒன்று வேண்டும்.
மற்ற ஒன்பதும் என் பொறுப்பு.

ரெசிஃபேயில் ஜூன் மாதம், ஓயாத மழை.
சாவோ ஜோவோ திருவிழாவுக்கு
மருத்துவர்கள் ஊர் கிளம்புமுன்
மூன்றாம் மாடி நிரம்பிவிடும்.
கதவுக்குக் கதவு
இன்னும் பிறக்காத பிள்ளைகளின் பெயர்கள்
துணியில் தைத்துத் தொங்குகின்றன.

லூசேலியாவுக்கு வியாழன் காலை ஏழரை.
வெள்ளி என்றால் பிள்ளை கடக ராசியில் விழுமாம்.
மாமியார் கடகம்.
சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்,
தூரிகையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன்.

எதிர் அறை ஐவோனெட்
எட்டாம் மாதம்வரை கத்தி வேண்டாம் என்றிருந்தவள்.
மருத்துவர் முதலில் இடுப்பு குறுகல் என்றார்,
பிறகு கொடி சுற்றியிருக்கிறது என்றார்,
பிறகு ஜூலையில் நான் லிஸ்பனில் என்றார்.
"நானேதான் முடிவெடுத்தேன்" என்கிறாள்.
ஒரு கை முடிவதற்குள் மூன்று முறை.

கீழே துணி வெளுக்கும் இடத்தில்
நெய்டே சொல்வாள்:
பணக்காரிகள், வலிக்குப் பயந்தவர்கள்,
வயிற்றைத் திறந்து எடுத்துக்கொடுக்கிறார்கள்,
வாங்கிக்கொள்கிறார்கள், கடையில் போல.
நானும் அப்படிப் பேசியவள்தான்.

பதினொரு வருடம் முன்பு,
அரசு மருத்துவமனை நடைவழி.
என் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே
சுவரில்லை, திரைகூட இல்லை.
ஒருவன் முழங்கையால் வயிற்றை அழுத்தினான்.
செய்யும்போது கத்தவில்லையே என்றாள் ஒருத்தி.
எங்கே வெட்டினார்கள், எத்தனை தையல்,
யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
தாளில் சுகப்பிரசவம் என்று எழுதினார்கள்.
எழுதியவளுக்கு
அழகான கையெழுத்து.

முந்நூற்றுப் பதினான்கில் டால்வா, வழக்கறிஞர்.
அவளுக்கு ராசியும் இல்லை சிரிப்பும் இல்லை.
"என் அக்காவுக்கு இருபத்தாறு மணிநேரம்..." என்று தொடங்கி
மழையைப் பார்த்தாள்.
கைகள் ஜில்லென்றிருந்தன.
வெந்நீரை இரண்டு முறை மாற்றினேன்.
முந்திரிப்பழச் சிவப்பைத் தேர்ந்தாள்.
நான்காவது விரலில் கேட்டாள்:
"உங்களிடம் பணம் இருந்திருந்தால்
நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்களா?"

இந்தக் கேள்விக்குக் கூலி கிடையாது.
இரண்டாம் பூச்சு அடித்தேன்.
கத்தியைக் கேட்டிருப்பேனா, தெரியாது.
ஒரு கதவு கேட்டிருப்பேன்.
சாத்திக்கொள்ள.
தொடுமுன் என் பெயர் சொல்லிக் கூப்பிடும்
யாராவது ஒருவரை.
அதற்குக் கத்தி சேர்த்துத்தான் விற்கிறார்கள் என்றால்
சேர்த்தே வாங்கியிருப்பேனோ என்னவோ.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"கையை அசைக்காதீர்கள், ஈரம்" என்றேன்.

ஞாயிறு மாலை திரும்பப் போனேன்.
விட்ட நகத்தைப் பூசிவிட்டு வருவது என் வழக்கம்,
அதற்குக் காசு வாங்குவதில்லை.
டால்வா குனிந்து நடந்து வந்தாள்,
சுவரைப் பிடித்துப் பிடித்து.
பிள்ளை தொட்டிலில், சிவந்து, யார்மீதோ கோபமாக.
"இப்போதுதான் வலிக்கிறது" என்றாள்,
பேருந்து தாமதம் என்பதுபோல.
இருமல் வந்தால் தலையணையை
வயிற்றோடு அழுத்திக்கொள்ளச் சொன்னேன்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
இந்த மாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வெளியே தெருவெங்கும் சொக்கப்பனை.
ஈரவிறகின் புகை ஜன்னல்வரை.
சுட்டுவிரலை நீட்டினாள்.
பாதி நகம் பூசியிருப்பேன்,
கீழே பட்டாசு.
பிள்ளை இரு கைகளையும் விரித்துத் தூக்கிப்போட
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஐயோ சிரிக்க வைக்காதீர்கள் என்று
ஒரு கையால் தையலைப் பிடித்தாள்,
இன்னொரு கையால் என்னை.

பத்தாவது நகம்
கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.