ஆரும் என்னும்

தூண்டில் என்றும் வலை என்றும்
சொல்லிக்கொண்டே போனார் போனில் அந்த அதிகாரி.
சார், தங்கச்சிமடத்தில் அவை
சோற்றுக்கான சாமான்கள்.
எனக்கு நடந்ததற்கு வேறு பெயர் பாருங்கள்
என்றேன். குறித்துக்கொண்டாரா, தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.
கம்பெனி தேவிபட்டினத்தில்.
நண்டுச் சதை: வேகவைத்து, உரித்து, டப்பாவில் அடைத்து, ஐஸில்.
உரிப்பவர்கள் அங்கே.
கணக்கு இங்கே, என் சமையலறை மேசையில்.
ஆர்டர் பார்க்கும் முனியராஜ் வாலிநோக்கத்தில்.
முதலாளி யூனுஸ் பாய்
எந்தத் துறையில் நிற்கிறாரோ அங்கே.
மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து
ஒன்றரை வருஷம் ஆகிறது.

டப்பா அனுப்பும் தூத்துக்குடிக்காரர்களிடமிருந்து
வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு மெயில்.
வங்கி மாற்றிவிட்டோம், இனி இந்தக் கணக்குக்கு.
அதே லோகோ. அதே ‘அன்புள்ள பிரிஜித்தா மேடம்’.
போன மாதம் இருநூறு டப்பா குறைந்ததற்கு
நான் போட்ட சண்டைக்குக்கூட
அதில் மன்னிப்பு இருந்தது.
யாரோ எங்கள் கடிதங்களைப்
பல நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்,
நான் எங்கே காற்புள்ளி வைப்பேன் என்பது வரை.
என் புருஷன்கூட அப்படிப் படித்ததில்லை.

பால் பொங்கியது.
பையன் அதே லேப்டாப்புக்கு அழுதுகொண்டிருந்தான்,
விளையாட்டில் அவன் முறையாம்.
பாய்க்கு அனுப்பிக் கேட்டேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

திங்கட்கிழமை முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எம் இருக்க வேண்டிய இடத்தில்
ஆரும் என்னும் ஒட்டி நின்றன,
பஸ்ஸில் ஒரு சீட்டில் இருவர் போல.
எம் என்று நம்பினேன்.
ஆர்? என்று கேட்டிருக்க வேண்டும்.
என்? என்றாவது.

வங்கி. 1930. ராமநாதபுரத்தில்
மின்விசிறி மட்டும் விசாரித்துக்கொண்டிருந்த ஓர் அறை.
ஒரு லட்சத்து அறுபதாயிரம்
ஏதோ ஒரு கணக்கில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.
மீதி எந்த ஊர் போனதோ.
உரிக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலி
புதன்கிழமை போனது.
ஜெயக்கொடி மட்டும் கூப்பிட்டுக் கேட்டாள்:
‘நீ அமுக்கினதா அது?’
ஆமாம் என்றேன்.
‘சரி’ என்றாள்.
அந்தச் சரி இன்னும் காதை விட்டு இறங்கவில்லை.

பாய் திட்டவில்லை. கட்டைவிரல் யாருடையது
என்று அவருக்கும் தெரியும்.
முனியராஜ்தான் தானாகச் சொன்னான்,
தன் பாஸ்வேர்டு தன் பைக் நம்பர் என்று.
மூன்று வருஷமாக. எல்லாவற்றுக்கும் அதுதான் என்று.
சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துக்கொண்டான்.

சில இரவுகளில் என் போன்
இலங்கைக்கு நல்வரவு என்கிறது.
நான் அடுப்படியில்தான் நிற்கிறேன்.
எந்தக் கரையில் இருக்கிறோம் என்று
அதற்கே தெரியாத ஒன்றின் மேல்
பதினான்கு பேர் கூலியை வைத்திருக்கிறோம்.

இப்போது ஓர் ஏற்பாடு உண்டு.
எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
இதில்கூடக் கேள்வியை மாற்றித்தான் சொல்கிறேன்.

நேற்று பாய் பெயரில் மெயில்:
அவசரம், ஐஸ் கம்பெனிக்கு முப்பதாயிரம், உடனே.
கூப்பிட்டேன், பழைய நம்பரில்.
கச்சான் அவர் குரலில் பாதியைத் தின்றது.
‘நாந்தாம்மா அனுப்பினேன், போட்டு விடு.’
‘காலையில எத்தனை கிலோ பாய்?’
‘ஏம்மா, இப்பவா...’
இன்ஜின். மணலில் கூடை இழுபடும் சத்தம்.
பிறகு வேண்டாவெறுப்பாக:
‘முப்பத்தேழு.’

கேவலமான வரவு.
பொய்க்காரன் நூறாவது சொல்லியிருப்பான்.

ஓடிபி வரவில்லை.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி
போனை உயர்த்திப் பிடித்து நிற்கிறேன்.
பாம்பன் பக்கம் ரயில் ஊதுகிறது.
கீழே பையன் கத்துகிறான்,
அம்மா, லேப்டாப் பாஸ்வேர்டை மாத்திட்டியா?

ஆமாண்டா.