டுரியானுக்குப் பின் பாண்டான்

கென்ட் ரிட்ஜில் நான்காம் மாடி.
பதினொன்றரைக்குக் குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள்.
அதன் பிறகு இந்த அறையில் மூச்சு விடுவது
நானும்
திரையில் இருக்கும் அதுவும்.

மூக்கென்று சொல்ல
ஹஸ்லினா செய்த உணரிப் பட்டை உண்டு,
முப்பத்திரண்டு துளி உலோகம்.
பின்னால் இரண்டாயிரம் நியூரான்கள்,
சமன்பாட்டுக்குள் மட்டும் குடியிருப்பவை.
ஒன்று கத்தினால் பக்கத்தது அடக்கும்,
அடங்கியது மறுபடி கத்தும்.
எங்கள் புளோக் தாழ்வாரம் மாதிரிதான்.

மணமே இல்லாதபோதும் அது சும்மா இருப்பதில்லை.
பிழை என்று நினைத்து
மூன்று வாரம் நிரலைத் துழாவினேன்.
தேக்கா சந்தையில்
கடை திறக்குமுன் எழும் இரைச்சல் அது.
யார் வருவார், என்ன கேட்பார், தெரியாது.
மூச்சு உள்ளே வந்ததும்
இரைச்சல் ஒரு தாளத்தில் விழும்.
பாண்டானுக்கு ஒரு தாளம்.
கோப்பி ஓவுக்கு ஒன்று.
சூடான தாரில் விழுந்த மழைக்கு ஒன்று
(அதைப் பிடிக்கக் கண்ணாடிக் குடுவையோடு
கார்ப்பேட்டையில் முட்டிபோட்டிருந்தேன்,
காவலாளி பெயர் கேட்டார்).

சென்ற செவ்வாய் டுரியான் கற்றுக்கொடுத்தோம்.
மூன்று உறை போட்டும்
மின்தூக்கி காட்டிக்கொடுத்துவிட்டது.
நிர்வாகத்திடமிருந்து கடிதம்.
அதுவோ ஏழாவது முகர்வில் கற்றுக்கொண்டது.

பிறகு, வழக்கமான சோதனைக்காக,
பாண்டானைக் காட்டினேன்.
பாண்டான் என்றது, சரியாகத்தான்.
தாளம் வேறு.
கோப்பியும் வேறு. மழையும்.
யாரும் தொடாத அவையெல்லாம்
நெரிசல் ரயிலில் இன்னொருவர் ஏறியதும்
ஆளுக்கு அரையடி நகர்வதுபோல
நகர்ந்து நின்றிருந்தன.
பழைய பாண்டானைத் தேடினேன்,
கோப்புக் கோப்பாக.
"வைத்திருந்தால்தானே கிடைக்கும்" என்றாள் ஹஸ்லினா,
பையின் ஜிப்பை இழுத்தபடி.
"ஒவ்வொரு முறையும் புதிதாகத்தானே செய்கிறது."

மார்ச்சில் மண்டாயில் முகிலனை எரியூட்டினோம்.
கற்பூரமும் கிருமிநாசினியும் கலந்த
குளிர்ந்த கூடம்.
ஒரு மணி நேரம் இருக்கும்.
எத்தனை முகர்வு என்று இப்போது கணக்குப் போடுகிறேன்.

அதன் பிறகும்
சோப்பைச் சோப்பு என்றுதான் சொல்கிறேன்,
சாத்தே புகையைச் சாத்தே என்று,
அண்ணன் சட்டையை அண்ணன் சட்டை என்று.
ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கடைசிப் பேருந்து போய்விட்டது.
சன்னலுக்கு வெளியே மழை ஆரம்பிக்கிறது.
உணரியின் மூடியைக் கழற்றி
கம்பிக்கருகே வைக்கிறேன்.
திரையில் இரைச்சல்.
எந்தத் தாளத்திலும் இன்னும் விழவில்லை.