இரண்டு லோட் மணல்

களுதாவளையில் மலை கிடையாது.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
இடையில் மிளகாய்ப் பாத்தி, வெற்றிலைத் தோட்டம்.
உயரம் என்று பார்க்கப்போனால்
தண்ணீர்த் தாங்கி ஒன்றுதான்.

ஆனாலும் என் தரம் இரண்டில்
முப்பத்தொரு கொப்பியிலும் முப்பத்தொரு சோடி மலை.
நடுவில் அரைச் சூரியன், இமைமயிரோடு.
மலையிலிருந்து ஓர் ஆறு,
ஆற்றில் எப்போதும் மூன்று மீன்,
வானத்தில் நான் போடும் சரிக் குறிகளைப் போலப் பறவைகள்.
யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்?
கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.
யோசித்தால் நானும் அதைத்தான் வரைந்திருக்கிறேன்.

இந்தத் தவணை முழுக்க மலையை விரட்டினேன்.
வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி
நிறத்தில் தோய்த்து அச்சுக் குத்தினோம்.
அபிஷனா தன் பங்கைத் தின்றுவிட்டு
"மறுகா ஒண்டு தாங்க மிஸ்" என்று நீட்டினாள்
நீலம் பூசிய உள்ளங்கையை.
முட்டைக்கோது நொறுக்கி ஆமை ஒட்டினோம்;
திங்கட்கிழமை ஆமையின் முதுகில் எறும்பு.
உரப்பையை நூல் நூலாகப் பிரித்து
கடதாசி முகங்களுக்குத் தலைமயிர் வைத்தோம்.
கணவாய் ஓட்டை ஆணியால் சுரண்டி வள்ளம் செய்தோம்,
வகுப்பறை மூன்று நாள் கடற்கரையாய் நாறியது.
கம் போத்தல் தீர்ந்துபோக
வீட்டில் மா காய்ச்சிக் கொண்டுவந்தேன்,
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆலோசகர் வருகிறார் என்றார்கள்.
வியாழன் சொன்னேன்:
காலையில் கண் முழித்ததும் முதலில் கண்டதைக் கீறுங்க.
மலை மட்டும் கூடாது.

ஒருவன் அம்மாவின் முதுகைக் கீறினான்.
ஒருத்தி, பல்லி இல்லாத சுவரை.
(பல்லி போயிட்டாம்.)
வினோஜிகா தாள் முழுக்கக் கட்டம் கட்டமாய்க் கோடு போட்டு
"நுளம்பு வலை மிஸ், அதுக்குள்ளால வேற ஒண்டும் தெரியா" என்றாள்.

மிதுர்ஷனின் தாளில்
இரண்டு மலை. நடுவில் சூரியன்.

சிவப்புப் பேனையோடு போய் நின்றேன்.
"நான் என்ன சொன்னனான்?"
"இது மலை இல்ல மிஸ். மணல்.
ரெண்டு லோட்.
எங்கட வீட்டுக்கு முன்னால பறிச்சது."
"எப்ப?"
"நான் நேசறி போகக்குள்ள."
பல் விளக்கிக்கொண்டு படியில் இருந்தால்
சூரியன் சரியாக அந்த இடைவெளிக்குள்ளால்தான் வருமாம்.
அடியில் கறுப்பாய்ச் சுருண்டு கிடந்தது நாய்.
பள்ளம் பறித்துப் படுக்கிறதாம்.
"அப்ப இந்த ஆறு?"
"மழைக்கு மணல் வழிஞ்சது."
"இந்த மீன்?"

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான்.
"அது சும்மா."

பேனையை மூடினேன்.
மூடியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது,
திறந்ததற்கு அல்லவா கேட்க வேண்டும்,
இரண்டுக்கும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆலோசகர்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் பார்த்தார்.
வெண்டிக்காய்ப் பூவைத் தாண்டினார், வலையைத் தாண்டினார்,
மிதுர்ஷனிடம் நின்றார்.
"ஆ... மலையெல்லாம் வடிவா வந்திருக்கு."
பதிவேட்டில் எழுதினார்: இயற்கைக் காட்சி, நன்று.
பின்வாங்கில் ஒரு கை உயர்ந்தது.
உயர்ந்தபடியே இருந்தது.
நான் ஒரு தாளின் மூலையை,
ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலையை,
மறுபடி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பார்க்கிறேன்,
சூரியனுக்குப் பக்கத்தில், சூரியனிலும் பெரிதாக
ஒரு சீமெந்துப் பை. பென்சிலால்.
யாரும் மலை என்று சொல்லிவிடாதபடிக்கு
பையின் மேல் விலையும் போட்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில்
கடையில் இறங்கிக் கேட்டேன்.
சரியான விலைதான்.